ஓப்ரெனின் வெள்ளை மாடுகள்

மூன்று மணிக்கெல்லாம் யெலிட்சா மலைக்குப் பின்னால் மேகம் ஏறத் தொடங்கியது. வெறும் கறுப்பு என்றால் பரவாயில்லை, மழையைக் கொட்டிவிட்டுப் போய்விடும். இது அடிவயிறு வெளுத்து, ஓரத்தில் பச்சை பூத்த மேகம். ஆலங்கட்டி மேகம்.

ராஸ்பெர்ரி பழுக்க ஆரம்பித்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. எங்கள் வருடத்துச் சாப்பாடு மொத்தமும் அந்தச் செடிகளில் தொங்கிக்கொண்டிருந்தது. செடிகளுக்கு மேலே, இரண்டாள் உயரத்தில், இருபத்திரண்டு வரிசை சோலார் பேனல்கள். காலையில் கிழக்கே சாயும், மாலையில் மேற்கே சாயும். அவற்றைத் திருப்புகிறவன் பெல்கிரேடில் உட்கார்ந்திருக்கிறான்.

கம்பெனிக்காரர்கள் முதலில் வந்தபோது, “மேல மின்சாரம், கீழ பழம். ஆலங்கட்டிக்கும் இதுவே கூரை” என்றார்கள். என் புருஷன் ஓப்ரென் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். கையெழுத்துப் போடுங்கள், போடுங்கள் என்று நச்சரித்தவள் நான்தான். அந்தப் பழியை வேறு யார் தலையிலும் கட்ட மாட்டேன்.

பதினெட்டு வருடம் அவர் எங்கள் ஊரின் ராக்கெட்காரர். ஆலங்கட்டி மேகம் திரண்டால், எங்கள் மேட்டிலிருந்து ராக்கெட் விட்டு அதைக் கலைக்க அரசாங்கம் வைத்திருந்த ஆள். பேனல் வந்ததும், ராக்கெட் சிதறல் விழுந்தால் கண்ணாடி உடையும் என்று கம்பெனி எழுதிக் கொடுத்து, மேட்டில் இருந்த ராக்கெட் மேடையை மூட வைத்துவிட்டது. கூரைதான் வந்துவிட்டதே என்று ஊரும் சும்மா இருந்தது. அதற்குப் பிறகு வானம் கறுத்தாலே அவருக்குக் கை பரபரக்கும். “நான் வியன்னாவுக்குப் போயிடுறேன். கட்டட வேலையாவது பாக்கலாம். இங்க எனக்கு என்ன வேலை?” என்பார்.

போன நவம்பரில் பியெலிட்சா ஆறு பொங்கியது. கரையில் இருந்த பம்பைத் தூக்கி வரப் போனவர் திரும்பவில்லை. ஒற்றை பூட்ஸ் கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. ஆற்றோடு போய்விட்டார் என்றது ஊர். வியன்னாவுக்குப் போயிருக்கிறார் என்றேன் நான். கோயிலில் மெழுகுவத்தி ஏற்ற இரண்டு மணல் தட்டு உண்டு, மேல்தட்டு உயிரோடு இருப்பவர்களுக்கு, கீழ்த்தட்டு இறந்தவர்களுக்கு. ஞாயிறு தவறாமல் அவருக்கு மேல்தட்டில்தான் ஏற்றினேன். அவருடைய பாஸ்போர்ட் அலமாரியில் துணிகளுக்கு அடியில் இருந்தது. அதை நான் யாருக்கும் காட்டவில்லை.

மேகம் வெயிலை மூடியதும் பேனல்கள் மட்டமாகப் படுத்தன. “அப்படியே கிடங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்” என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, மோட்டார்கள் முனகின. இருபத்திரண்டு வரிசையும் ஒரே நேரத்தில், ஓர் அவசரமும் இல்லாமல், எழுந்தன. கண்ணாடியை மேகத்துக்குக் காட்டாமல் விளிம்பு மேலே தெரிய நிமிர்ந்து நின்றன. கீழே பழங்கள் மூடாமல் கிடந்தன.

கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு பையன் எடுத்தான்.

“தம்பி, பேனலெல்லாம் எந்திரிச்சு நிக்குதுப்பா! படுக்க வை, சீக்கிரம்!”

“ஆலங்கட்டி எச்சரிக்கை வந்திருக்கும்மா. அப்படி நின்னாத்தான் கண்ணாடி உடையாது.”

“கண்ணாடியா? பழத்துக்குக் கூரைன்னு சொல்லித்தானடா கையெழுத்து வாங்குனீங்க?”

“வெயிலுக்குக் கூரைம்மா. சாதா மழைக்கும் சரி. பெரிய கல்லு விழுந்தா முதல்ல கண்ணாடியைத்தான் காப்பாத்தணும். ஒப்பந்தத்துலயே இருக்கும்மா, பதினோராம் பக்கம்.”

“உங்க வீட்டுக் கூரையும் மழை வந்தா இப்படித்தான் எந்திரிச்சு நிக்குமா?”

போனை வைத்துவிட்டேன். பாவம், சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிறவன். ஆனால் அன்றைக்கு எனக்கு இரக்கம் வரவில்லை.

அதற்குள் பக்கத்து வீட்டிலிருந்து என் நாத்தனார் டோப்ரிலா ஓடி வந்தாள். தலையில் மூன்று கால் மேசை, கையில் கோடரி. “வேலியே பயிரை மேஞ்ச கதையாப் போச்சே அண்ணி!” என்று கத்திக்கொண்டே மேசையை முற்றத்தில் குப்புறப் போட்டாள். கால்கள் மூன்றும் வானத்தைப் பார்த்தன. கோடரியையும் வாய் மேலே பார்க்கும்படி வைத்தாள். ஆலங்கட்டியை விரட்ட எங்கள் ஊர் வழக்கம் அது.

எங்கள் பக்கத்தில் ஆலங்கட்டி மேகத்தைக் காற்று ஓட்டி வருவதில்லை. ஊரில் கடைசியாகத் தண்ணீரில் மூழ்கிச் செத்தவன் ஓட்டி வருகிறான். மேகங்கள் அவனுடைய வெள்ளை மாடுகள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திருப்பிக்கொண்டு போவான். பெண்டாட்டியின் குரல் என்றால் கட்டாயம் கேட்பான்.

“கூப்பிடுங்க அண்ணி.”

“யாரை?”

“தெரியாத மாதிரி கேக்காதீங்க.”

“தண்ணியில போனவங்களத்தாண்டி கூப்பிடணும். உன் அண்ணன் வியன்னால இருக்காரு.”

“ஏழு மாசமா ஒரு போன் வராத வியன்னாவா?”

“கோவத்துல இருக்காரு.”

“ஐயோ அண்ணி, எனக்கு மட்டும் ஆசையா? கூடப் பொறந்தவ நான். வழியெல்லாம் கத்திக்கிட்டேதான் வந்தேன், மேகம் அசையல. உங்க குரல்தான் வேணும்.”

காற்று சட்டென்று நின்றது. கோழிகள் எல்லாம் வண்டிக்கு அடியில் போய் ஒடுங்கின. குப்புறக் கிடந்த மேசையில் முதல் கல் டக்கென்று விழுந்தது, வாதுமைக் கொட்டை அளவு. அடுத்தது தோட்டத்தில், முதல் வரிசையில். ஒரு கொத்துப் பழம் நசுங்கி இலையெல்லாம் சிவப்பாக வழிந்தது. மூன்று, நான்கு, பத்து. பேனல்கள் தங்கள் கண்ணாடியைக் காத்துக்கொண்டு சும்மா நின்றன.

“அண்ணி!”

கூப்பிடாவிட்டால் பழம் போகும். கூப்பிட்டால் அவர் போவார். ஏழு மாதமாக அடைத்து வைத்திருந்தது அத்தனையும் ஒரே மூச்சில் வெளியே வந்தது.

“ஓப்ரென்! ஏ ஓப்ரென்! உன் வெள்ளை மாட்டை எங்க தோட்டத்துல விடாதே! இது உன் பழம்தான்யா, நீ நட்ட செடிதான்யா! திருப்பு! வேற பக்கம் ஓட்டிக்கிட்டுப் போ!”

மூன்று முறை கூப்பிட்டேன். மூன்றாவது முறை முடியும்போது கல் விழுவது நின்றிருந்தது. சற்று நேரத்தில் ஆற்றுக்கு அப்பால், ஒன்றும் விளையாத பாறைச் சரிவில், சடசடவென்று கொட்டுவது கேட்டது. மோட்டார்கள் மறுபடி முனகின. பேனல்கள் ஒவ்வொரு வரிசையாகப் படுத்துக்கொண்டன.

டோப்ரிலா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். “கேட்டுருச்சு அண்ணி! அண்ணனுக்குக் கேட்டுருச்சு! பழம் தப்பிச்சிருச்சு!” என்று சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இன்னும் கொட்டியிருக்கக் கூடாதா என்று என் மனசு அடித்துக்கொண்டது. தோட்டம் முழுக்க நாசமாகப் போயிருந்தால் அவர் வியன்னாவிலேயே இருந்திருப்பார்.

ஞாயிறு வரைக்கும் பழம் பறித்தோம். நல்ல விளைச்சல். கோயிலுக்குப் போனபோது விரல்களில் சாறு காயாமல் இருந்தது. மெழுகுவத்தியைப் பற்ற வைத்தேன். பழக்கத்தில் கை மேல்தட்டுக்குப் போனது. இழுத்துக்கொண்டு, குனிந்து, கீழ்த்தட்டு மணலில் குத்தினேன்.