ஸ்ப்ரூஸ் பலகையும் வியாகுலம்மாளும்

1

டமார்!

1958 மே மாதம், திருச்சி பொன்மலை ரயில்வே காலனியில் மாட்டு வண்டியிலிருந்து ஒரு பழைய பியானோ கீழே விழுந்தது. சினேகிதரைப் பார்க்கப் போயிருந்த என் காலடியில் இந்தக் கதையும் விழுந்தது. எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். ரயில் பெட்டித் தச்சர் செபஸ்தியான் மட்டும், உடைந்த பியானோவின் வயிற்றிலிருந்து வெளிறிய பலகை ஒன்றை உருவி, விரலால் தட்டிக் காதில் வைத்துச் சிரித்தார். நான் கண்டது அவ்வளவுதான். மீதி கற்பனை.

2

காவிரிப் பாலத்தின் மேல் சூரியன் மெல்ல (வேண்டாம். வாரப் பத்திரிகைக் கதைகளில் பாதிக்குச் சூரியன் அங்கேதான் உதிக்கிறது.)

ஸ்ரீரங்கத்துக் கோபுரத்தின் மேல் பனி (மே மாதத்திலா?)

ஆனாலும் பனி வேண்டும். அந்தப் பலகை ஸ்ப்ரூஸ். பனி நாட்டு மரம். குளிரில் நிதானமாக வளர்வதால் அதன் ரேகைகள் வாரிவிட்ட தலைமுடிபோல் நெருக்கம். எடை குறைவு, விறைப்பு அதிகம். கிடாரின் மேல் பலகைக்குச் செபஸ்தியான் தேடியது அதைத்தான். அவர் அதைத் தட்டும்போதெல்லாம் பொன்மலை ஓட்டுக் கூரைகளில் சத்தமில்லாமல் வெண்பனி இறங்கியது. வியர்வையைத் துடைத்துக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

3

"பொண்ணு கிடார் வாசிக்கும்" என்றார்கள், அவர் பெண் பார்க்கப் போன அன்று. பதினொரு வருஷமாக அந்த வாசிப்புக்குக் காத்திருக்கிறார். "நல்ல கிடார் கிடைக்கட்டுங்க" என்பாள் மனைவி வியாகுலம்மாள். கிடைத்த கிடாருக்கெல்லாம் கழுத்துக் கோணல்.

இனி அவரே செய்வதாக முடிவு. ஆனால் ரயில் பெட்டி செய்து பழகிய கைக்குத் தடிமன்தான் பத்திரம். பலகையைக் கிடார் வடிவில் அறுத்து, கனம் குறைக்காமல் அவளிடம் நீட்டினார்.

"என்னங்க இது? இதுல ஏறி மணப்பாறைக்கே போயிட்டு வரலாம் போல!"

"தட்டிப் பாரேன், வியாகுலம்."

"சத்தம் தூங்குது. கொஞ்சம் இழைங்க."

இழைத்தார். சுருள் சுருளாகப் பனி தரையில் விழுந்தது.

"இன்னும் கொஞ்சம்."

மறுநாளும், "இன்னும் கொஞ்சங்க."

(இங்கே எனக்கு அவள்மேல் சந்தேகம். பலகை அருமையாகப் பாடுகிறது. எழுதுகிற எனக்கே கேட்கிறது. பிறகு ஏன் இழைக்கச் சொல்கிறாள்? கேட்டேன். அடுப்படிக்குப் போய்விட்டாள்.)

4

இப்போது பலகையை வெயிலில் பிடித்தால் பின்னாலிருக்கும் விரல் தெரிகிறது. இன்னொரு முறை இழைத்தால் கிழியும். வேறு ஸ்ப்ரூஸுக்குத் திருச்சியில் எங்கே போவது?

ஒரு முடிவு: கிழிகிறது. (எழுதிப் பார்த்தேன். கை வரவில்லை.)

இன்னொன்று: கிடார் தயாராகி, பொன்மலையெங்கும் பனி கொட்ட அவள் வாசிக்கிறாள். (பத்திரிகை ஆசிரியருக்குப் பிடிக்கும். வியாகுலம்மாள் ஒப்பவில்லை.)

உங்களுக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள் என்று பேனாவை மூடப் போனேன். செபஸ்தியான் இழைப்புளியைப் பலகைமேல் வைத்துவிட்டார். நான் எழுதாமலே அவள் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போதுங்க, மரத்தக் கொன்னுடாதீங்க! எனக்கு கிடார் வாசிக்கவே தெரியாது."