வரிசையை விட்டு நகர்ந்தவள்

மதிப்பெண் தாளில் பதினேழாம் நம்பருக்கு நேராக டிரில் மாஸ்டர் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் ‘உத்தரவின்றி அசைந்தாள்’ என்று எழுதியிருந்தார். படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தேன். அதேதான் எழுதியிருந்தது.

எங்கள் முன்னாள் படைவீரர் சங்கம் வருஷா வருஷம் உள்ளூர்ப் பள்ளியின் மாணவர் படையிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுத்து, கல்லூரிப் படிப்பு முழுக்கப் பணம் கட்டுகிறது. எங்கள் ஓய்வூதியத்தில் மாதாமாதம் பிடித்துச் சேர்க்கிற பணம். நான் இருபத்திரண்டு வருஷம் படையில் சமையல்காரனாக இருந்தவன். துப்பாக்கி பிடித்ததைவிடக் கரண்டி பிடித்த நாள்தான் அதிகம். ஆனாலும் தேர்வுக் குழுவில் எனக்கும் ஒரு நாற்காலி உண்டு. தலைவர் கர்னல், டிரில் மாஸ்டர், வயர்லெஸ்காரர், டிரைவர், நான் என்று மொத்தம் ஐந்து பேர். உட்காருவது இன்றைக்கும் பதவி வரிசைப்படிதான். என் இடம் கதவோரம், தண்ணீர்க் கூஜாவுக்குப் பக்கத்தில். யாருக்குத் தாகம் எடுத்தாலும் என் பக்கம் கை நீளும். நானும் ஊற்றிக் கொடுத்துப் பழகிவிட்டேன்.

அன்று காலை அணிவகுப்பு எட்டு மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். இருபத்துநான்கு பிள்ளைகளும் ஏழே முக்காலுக்கே மைதானத்தில் வந்து நின்றுவிட்டார்கள். கர்னல் வந்தது ஒன்பதே முக்காலுக்கு. போட்டோக்காரருக்காகக் காத்திருந்தாராம். அதுவரை டிரில் மாஸ்டர் பிள்ளைகளை வெயிலில் அட்டென்ஷனில் நிறுத்தி வைத்திருந்தார். நாங்கள் மற்ற மூன்று பேரும் கூரைக்குக் கீழே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். நானும்தான் குடித்தேன். ஒன்பதரை வாக்கில் பதினெட்டாம் நம்பர் பெண்ணின் முழங்கால் மடங்கியது. அவள் தலை தரையில் மோதுவதற்குள் பதினேழு எட்டிப் பிடித்துவிட்டாள். தோளில் சாய்த்து நிழலுக்கு இழுத்து வந்து, தொப்பியைக் கழற்றி விசிறினாள். மற்ற இருபத்திரண்டு பேரும் நேரே பார்த்தபடி நின்றார்கள். நாங்கள் அப்படித்தானே சொல்லிக் கொடுத்திருக்கிறோம்?

இப்போது அறைக்குள் கர்னல் பேசிக்கொண்டிருந்தார்.

“எழுத்துத் தேர்வு, இன்டர்வியூ எல்லாத்துலயும் பதினேழுதான் முதல். நான் இல்லைன்னு சொல்லல. ஆனா ஒழுங்குன்னு ஒண்ணு இருக்குல்ல? அஞ்சாம் நம்பருக்குக் குடுத்துடுவோம். எல்லாருக்கும் சரிதானே?”

அஞ்சாம் நம்பர் நல்ல பையன்தான், அவன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் பதினேழின் அம்மா ஒரு தையல் கடையில் பட்டன் தைக்கிறாள். பெண்ணுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமைக்குள் பணம் கட்டாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். மயங்கி விழுந்தவளைத் தாங்கிப் பிடித்த குற்றத்துக்காக ஒருத்தியை நர்ஸாக விடாமல் செய்யப் போகிறோம். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

தலைவரே முதலில் ‘சரிதானே’ என்று கேட்டுவிட்டால், அப்புறம் சரியில்லை என்று சொல்ல எவனுக்கு வாய் வரும்? ஆறு வருஷமாக இதே கதைதான். படையில் நாங்கள் பழகிய முறை வேறு. முக்கியமான முடிவென்றால் கடைசிப் பதவிக்காரன்தான் முதலில் வாய் திறப்பான். மேலே இருப்பவர் மனசு தெரிந்துவிட்டால் கீழே இருப்பவன் பயந்து தலையாட்டுவான் என்பதால் வந்த வழக்கம் அது. எங்கள் சங்க விதியிலும் அது உண்டு. கர்னல் தலைவரானதும், நேரம் வீணாகிறது என்று அதைக் கைவிட்டார்.

“சார், ஓட்டு கீழ இருந்துதான் போகணும்” என்றேன்.

“அதெல்லாம் பழைய கதைப்பா.”

“விதிப் புத்தகத்துல அத இன்னும் அடிச்சு எடுக்கல சார். ஒழுங்குன்னு நீங்கதானே சொன்னீங்க.”

டிரைவர் இருமினார். நான் எழுந்து நின்றேன். படையில் சேர்ந்த முதல் வருஷம், அணிவகுப்பில் என் பக்கத்தில் நின்ற, எங்கள் சமையல்கூடத்தில் ரொட்டி சுடுகிறவன் வெயிலில் சுருண்டு விழுந்தான். உத்தரவு வரவில்லை என்று இருபது நிமிஷம் நான் நேரே பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் உயிர் பிழைத்தான், ஆனால் பேச்சு போய்விட்டது. எனக்கு ஒழுங்குக்காக ஒரு பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். அது இன்னும் என் பீரோவில் கிடக்கிறது. கிழிக்கவும் தைரியமில்லை, மாட்டி வைக்கவும் வெட்கம்.

“விழுந்தவளப் பிடிச்சது தப்பா சார்? ரெண்டு மணி நேரம் வெயில்ல நிக்க வெச்சது யாரு? அவங்களுக்கு எந்தத் தாள்ல செவப்புக் கோடு போடறது?” எல்லோரும் பார்க்கட்டும் என்று கையைத் தூக்கினேன். “என் ஓட்டு பதினேழுக்கு.”

டிரைவர் இந்த ஆறு வருஷத்தில் கூட்டத்தில் வாயைத் திறந்தது தண்ணீர் குடிக்க மட்டும்தான். அவர் மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்து, “பதினேழு” என்றார்.

அடுத்தது வயர்லெஸ்காரர். அவருக்கு வலது கை எப்போதும் நடுங்கும். கூட்டம் முடியும்வரை அதைப் பாக்கெட்டிலிருந்து எடுக்க மாட்டார். அந்தக் கை மெதுவாக வெளியே வந்து, மேஜைக்கு மேலே உயர்ந்து நடுங்கியது.

“அது ஓட்டா, இல்ல நடுக்கமா?” என்றார் கர்னல்.

வயர்லெஸ்காரர் இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, இரண்டையும் சேர்த்துத் தலைக்கு மேலே தூக்கினார்.

ஐந்தில் மூன்று ஓட்டு பதினேழுக்கு. கர்னலின் முகம் கறுத்தது. “தலைவருக்குன்னு ஒரு அதிகாரம் இருக்கு, மறந்துடாதீங்க” என்றார். டிரில் மாஸ்டர் யாரையும் பார்க்காமல் தாளை முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டிருந்தார். நான் கூஜாவைச் சாய்த்து ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினேன். வழக்கம்போல் கர்னல் கையை நீட்டினார். நான் டம்ளரை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து வெளியே போனேன்.

தாழ்வாரத்தில் பெஞ்சு காலியாகக் கிடந்தது. பதினெட்டாம் நம்பர் பெண் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் இரண்டு தொப்பிகள். பக்கத்தில் பதினேழு அட்டென்ஷனில் நின்றாள். முடிவு தெரியும்வரை அங்கேயே நில் என்று கர்னல் சொல்லி ஒரு மணி நேரம் ஆகிறது.

பதினேழிடம் தண்ணீரை நீட்டினேன். அவள் கையைத் தொடையிலிருந்து எடுக்கவில்லை. கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினாள்.

“அசையலாமா சார்?”