இரண்டு படி ஏறிய கல்

நகராட்சி அலுவலக வாசலில் ஒரு கல் இருக்கிறது. மட்டக்கல் என்பார்கள். ஊரில் எங்கே ரோடு போட்டாலும், எங்கே வடிகால் கட்டினாலும், மேடு பள்ளத்தை அந்தக் கல்லிலிருந்துதான் அளக்க வேண்டும். அதன் உச்சியின் மட்டம் நூறு அடி என்று என்றைக்கோ விவரம் தெரிந்த ஒருவர் குறித்துவைத்துவிட்டுப் போனார். பின்னால் வந்தவர்கள் அதற்கு வருஷம் தவறாமல் மஞ்சள் பெயின்ட் அடித்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த பொறியியல் அவ்வளவுதான்.

அங்கே உதவிப் பொறியாளராகச் சேர்ந்து எட்டு மாதமான அந்தப் பெண்தான் அவள் வீட்டில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள். அம்மா அதே நகராட்சியில் தெரு பெருக்குகிறாள். அவர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில் மழை வந்தால் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். அதைத் தீர்க்கத்தான் தெருமுனையில் பெரிய வடிகால் கட்டினார்கள். தெருச் சாக்கடை அதில் போய்ச் சேர்ந்தால் தண்ணீர் ஆற்றுக்கு ஓடிவிடும். வெள்ளிக்கிழமை திறப்பு விழா. நிறைவுச் சான்றில் அவள் கையெழுத்துதான் பாக்கி.

கையெழுத்துப் போடுமுன் அவள் நேரில் போய் அளந்து பார்த்தாள். அந்த அலுவலகத்தில் அது கெட்ட பழக்கம். தெருச் சாக்கடையின் அடித்தளத்தைவிட வடிகாலின் அடித்தளம் அரை அடி கீழே என்றது வரைபடம். நேரில் முக்கால் அடி மேலே இருந்தது. தண்ணீர் ஏணி வைத்துத்தான் ஏற வேண்டும். மூன்று தடவை அளந்தாள். மூன்று தடவையும் ஒன்றேகால் அடி உதைத்தது. மேஸ்திரியைத் திட்டவும் வழியில்லை. மனுஷன் மட்டக்கல்லிலிருந்து நூல் பிசகாமல் அளந்து கட்டியிருந்தார்.

அலுவலகத்துக்குத் திரும்பியவள் படியேறும்போது நின்றாள். படிகள் ஐந்து. ஐந்தாவது படியில் கல். உள்ளே சுவரில் மாட்டியிருந்த பழைய போட்டோவில் படிகள் மூன்று. மூன்றாவது படியில் கல். இரண்டு படி என்றால் சரியாக ஒன்றேகால் அடி.

பொறியாளரிடம் போனாள். எதைக் கேட்டாலும் ஆகட்டும் என்பதால் அவருக்கு ‘ஆகட்டும்’ என்றே பெயர். முகப்பை அழகுபடுத்தியபோது கல் கிரானைட்டுக்கு அடியில் போகப் பார்த்ததாம். இவர்தான் பக்குவமாகப் பெயர்த்து மேல்படியில் பதிக்கச் சொன்னாராம். இவ்வளவு பெருமையாக ஒரு மனிதன் தன் குற்றத்தைச் சொல்லி அவள் கேட்டதே இல்லை. விஷயத்தை அவள் விளக்கி முடித்ததும் அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

“இவ்வளவுதானேம்மா? கல்லைப் பழையபடி கீழ இறக்கி வெச்சிடுவோம். நீ கையெழுத்தைப் போடு.”

“கல்லை இறக்கினா வடிகாலும் கூடவே இறங்குமா சார்?”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். யோசித்தார். அந்த யோசனையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. முப்பது வருஷமாக ஊர் முழுக்க ரோடும் பாலமும் இந்தத் தலையை நம்பியா நிற்கிறது?

அம்மாவிடம் சொன்னபோது அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. “கட்டினவங்க எல்லாம் படிச்சவங்கதானே. தண்ணிக்குத்தான் படிப்பு பத்தலபோல” என்றாள். பிறகு, மழைத் தண்ணீருக்கு மேலே கட்டிலைத் தூக்கிவைக்க அதன் கால்களுக்குக் கீழே வைக்கிற செங்கற்களை எண்ணிப் பார்த்துவிட்டு, இந்த வருஷம் இன்னும் நாலு வேண்டும் என்றாள்.

திறப்பு விழாவுக்கு ஒரு நடைமுறை உண்டு. தண்ணீர் லாரியைத் தெருமுனையில் நிறுத்தி, நேரே வடிகாலுக்குள் திறந்துவிடுவார்கள். தண்ணீர் ஆற்றுப் பக்கம் பத்தடி ஓடும். எல்லோரும் கைதட்டுவார்கள். வெள்ளிக்கிழமை காலையில் அவள் லாரி டிரைவரிடம் போய், தெருவின் உள்கோடிக்கு வண்டியை ஓட்டச் சொன்னாள். அவரும் அதே வரிசையில் கடைசி வீடு. ஏன் என்று கேட்கவில்லை.

தெருமுனையில், வடிகாலும் சாக்கடையும் சேருமிடத்தில் நாற்காலி போட்டு நகராட்சித் தலைவர் உட்கார்ந்திருந்தார். ரிப்பன் வெட்டினார்கள். லாரியைத் திறந்தார்கள். தண்ணீர் சாக்கடை வழியே வந்தது, வடிகாலின் வாயில் முட்டியது, நின்றது. அப்புறம் நிதானமாகப் பொங்கி வெளியே வந்து, நாற்காலிகளுக்கு அடியில் பரவி, தலைவரின் ஷூவுக்குள் இறங்கியது. கைதட்டத் தூக்கிய கைகளை எங்கே வைப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ‘ஆகட்டும்’ தன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“எவன்யா தண்ணிய இங்க ஊத்தச் சொன்னது?” என்றார் தலைவர்.

“நான்தான் சார். மழையும் இங்கதான் ஊத்தும்” என்றாள் அவள்.

அங்கேயே நிறைவுச் சான்றை வாங்கி, இணைப்பு முக்கால் அடி உயரம், நீர் செல்லாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எட்டு மழைக்காலம் வரிசை வீட்டுக்காரர்கள் கொடுத்த மனுக்களால் ஆகாத காரியத்தை ஒரு ஜோடி ஈர சாக்ஸ் செய்தது. திங்கட்கிழமையே வடிகாலை இடித்தார்கள். மூன்று வாரத்தில் தாழ்த்திக் கட்டினார்கள். இம்முறை அவளே உடன் நின்று, கல் பக்கமே போகாமல், தெருச் சாக்கடையிலிருந்து மட்டம் பிடித்துக் கொடுத்தாள்.

புது வடிகால் தலைவரின் நேரடிப் பார்வையில் உருவானது என்று பலகை வைத்தார்கள். கல் இன்னும் ஐந்தாவது படியில்தான் இருக்கிறது, புது மஞ்சள் பெயின்ட்டோடு. அவளைப் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

மாற்றல் உத்தரவை அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெளியே மழை பிடித்திருந்தது. தெருச் சாக்கடை சத்தம் போட்டுக்கொண்டு ஓடியது.

“அங்கயாவது எல்லாம் சரியா எழுதுறாங்களா?”

“போய்ப் பாத்தாதான் தெரியும்.”

“பாரு” என்றாள் அம்மா. கட்டிலுக்கு அடியிலிருந்த செங்கற்களை இழுத்து, ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் வாசலுக்கு வெளியே அடுக்கினாள்.