வலது காது

ஆர்த்திகா அப்பாவின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்திருந்தாள். யோகேந்திரன் மாமா பழைய வேட்டியிலிருந்து கிழித்த துணியை அவளுடைய கைகளுக்கிடையால் நுழைத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது, சமையலறை மேசையில் கிடந்த போன் அதிரத் தொடங்கியது. கால்களில் இன்னும் சூடு இருந்தது.

“அண்ணையாத்தான் இருக்கும்,” என்றாள்.

“எடுக்காத. என்ன சொல்லிறதெண்டு முதல் யோசிப்பம்.”

மாமா அம்மாவின் தமையன். அதே தெருவில் நாலு கட்டடம் தள்ளி இருக்கிறார். அம்மா போன் எடுத்து ஒன்றும் சொல்லாமல் அழுததும், பைஜாமாவுக்கு மேல் குளிர்க்கோட்டைப் போட்டுக்கொண்டு பனிக்குள்ளால் வந்துவிட்டார். அவருடைய சப்பாத்திலிருந்து கரைந்த தண்ணீர் வாசலிலிருந்து கட்டில்வரைக்கும் சொட்டியிருந்தது.

போன் ஓய்ந்தது. உடனே திரும்பவும் அதிர்ந்தது.

காலை ஏழு இருபதுக்கு அப்பாவின் மூச்சு நின்றது. அதற்குக் கொஞ்சம் முன்னர் கண்ணைத் திறந்து, “இப்ப அங்கை எத்தினை மணி?” என்று கேட்டார். ஆர்த்திகா ஆறு மணித்தியாலத்தைக் கூட்டி, “ஒரு மணி,” என்றாள். “அப்ப மிடிக்கு வந்திருப்பான்,” என்றார். பிறகு கதைக்கவில்லை.

மிடி என்பது பிரசெல்ஸில் இருக்கிற பெரிய ரெயில் நிலையம். லண்டனுக்கும் பாரிசுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் அங்கிருந்துதான் ரெயில் எடுக்க வேண்டும். அண்ணன் விதுர்சன் ஆன்ட்வெர்ப்பிலிருந்து காலையிலேயே வெளிக்கிட்டிருந்தான். மிடியில் ஏறினால் ஒன்றரை மணித்தியாலத்தில் பாரிஸ் விமான நிலையம். ஆறேகாலுக்குப் பிளேன். மொன்ரியால் நேரம் இரவு எட்டுக்கு டோர்வல் விமான நிலையத்தில் வந்து இறங்குவதாக இருந்தது.

“இஞ்சை பார் பிள்ளை,” என்றார் மாமா. “வழியில நிக்கிறவனுக்குச் சாச்செய்தி சொல்லக் கூடாது. சவிரிமுத்தர்ர மகனுக்குப் பிராங்போட்டில வைச்சுச் சொல்லி என்ன நடந்தது? எயார்போட்டில விழுந்து, ஆஸ்பத்திரியில கிடந்து, கடைசியில செத்தவீடும் முடிஞ்சுது. இவன் வந்து இறங்கட்டும். நான் போய் ஏத்துறன். காருக்குள்ள வைச்சு மெல்லமாச் சொல்லுவம்.”

“அதுக்குள்ள கேட்டா?”

“அப்பிடியே இருக்கிறார் எண்டு சொல்லு.”

“மாமா, நீங்கள் கதையுங்கோவன்.”

“நான் கதைச்சா இந்த நேரத்தில நான் ஏன் இஞ்சை நிக்கிறனெண்டு அவன் யோசிப்பான். நீயெண்டா எப்பவும் ரெண்டு சொல்லுத்தானே கதைக்கிறனி. வித்தியாசம் தெரியாது.”

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலைமாட்டில் நாற்காலியில் இருந்தாள். அப்பாவின் மூக்கிலிருந்து கழற்றிய ஒட்சிசன் குழாயைக் கையில் சுற்றுவதும் பிறகு அவிழ்ப்பதுமாக இருந்தாள். இரண்டு மாதமாக இரவும் பகலும் இரைந்துகொண்டிருந்த இயந்திரத்தை நிறுத்தியபின் வீட்டில் குளிர்சாதனப்பெட்டியின் சத்தம்கூடக் கேட்டது.

ஆர்த்திகா போனை எடுத்தாள்.

“எங்கை போனனீ? ரெண்டு தரம் அடிச்சிட்டன்.”

“குளியலறையில நிண்டனான்.”

“அப்பா?”

“அப்பிடியே இருக்கிறார்.”

மாமா அவளைப் பார்த்துத் தலையாட்டினார்.

“இஞ்சை ஒரே குழப்பமாக் கிடக்குது,” என்றான் விதுர்சன். அவனுக்குப் பின்னால் பெட்டிகளின் சில்லுகள் உருளும் சத்தமும் ஒரு குழந்தையின் அழுகையும் கேட்டன. “பிரான்ஸ் பக்கம் புயலாம். மரம் விழுந்து வயர் எல்லாம் அறுந்து கிடக்காம். ரெயில் நேரம் காட்டுற போட்டைப் பாத்தா முழுக்கச் சிவப்பு. சனம் நிலத்தில இருக்குது. ஒரு வேபில் கடையில மட்டும் கியூ ஒழுங்கா நிக்குது, வேறை ஒரு கியூவும் இல்லை.”

“பஸ்ஸில வரச் சொல்லு,” என்று மாமா சைகையோடு கிசுகிசுத்தார். “டக்சி பிடிக்கச் சொல்லு.”

“டக்சி பிடிக்கேலாதோ, அண்ணை?”

“ஹைவேயையும் பூட்டிப்போட்டாங்களாம். நாலு பேரைக் கேட்டிட்டன், ஒருத்தனும் வரமாட்டன் எண்டுறான். பொறு, பொறு, என்னவோ அறிவிக்கிறாங்கள்.”

நிலையத்தின் அறிவிப்பு மணி ஒலித்தது. ஒரு பெண்குரல் முதலில் பிரெஞ்சில் பேசியது. ஆர்த்திகா மொன்ரியாலில் பிரெஞ்சிலேயே படித்து, அப்பாவுக்கு ஏலாமல் போனதும் சீஜெப் கல்லூரிப் படிப்பை இடையில் விட்டவள். ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. பாரிஸ் விமான நிலையத்துக்கான பதினான்கு பத்து ரெயில் ஓடாது. இன்று அந்தப் பாதையில் வேறு ரெயிலும் இல்லை.

“இனி டச்சில சொல்லுவாங்கள்,” என்றான் விதுர்சன். அவனுக்கு ஆன்ட்வெர்ப் டச்சுத்தான் வரும்.

அதே குரல் இன்னொரு மொழியில் அதையே சொல்லி முடிக்கும்வரை அவள் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு பெட்டியின் கைப்பிடியைப் படாரென்று கீழே இறக்கும் சத்தம் கேட்டது.

“கான்சல்,” என்றான்.

அப்பா அந்த நிலையத்தைப் பற்றி அடிக்கடி சொல்லுவார். “இஞ்சை மொன்ரியாலில போட்டுகளில இங்கிலீசை ஒளிச்சு வைச்சிருக்கிறாங்கள். அங்கை ரெண்டு பாசையையும் பக்கத்தில பக்கத்தில எழுதி வைச்சிருக்கிறாங்கள். ஸ்டேசன்ர பேரே ரெண்டு. ஆனா ரெண்டு பாசையிலயும் என்ர பிள்ளைக்கு ஒருத்தனும் ஒண்டும் சொல்லேல்லை.”

விதுர்சன் பதினாறு வயதில் கொழும்பிலிருந்து, வெளிநாட்டுக்குக் கள்ளமாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனோடு வெளிக்கிட்டவன். அப்பா அதற்கு இரண்டு வருடம் முந்தியே மொன்ரியால் வந்து, டோர்வலில் விமானச் சாப்பாட்டுத் தட்டுகள் கழுவும் இயந்திரத்தில் நின்றுகொண்டிருந்தார். மகனும் கனடாவுக்கு என்றுதான் காசு கட்டியது. ஏஜென்சிக்காரன் மிடியில் உட்கார ஒரு மர வாங்கைக் காட்டி, இதிலேயே இரு, டிக்கெட் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று போனவன் வரவில்லை. பொழுதுபட விதுர்சன் போன் கார்டைப் போட்டு அப்பாவுக்கு எடுத்தான். அப்பாவுக்கு அந்த நகரத்தில் ஒருத்தரையும் தெரியாது. “எழும்பாத ராசா. அந்த வாங்கை விட்டு எழும்பாத,” என்று மட்டும் சொன்னாராம். கார்ட் முடியும்வரை அதையே சொன்னாராம்.

பொலிஸ் வந்து கேட்டபோது விதுர்சன், ஏஜென்சிக்காரன் பாடமாக்கிக் கொடுத்ததைச் சொன்னான். தாய் இல்லை. தகப்பன் இல்லை. ஷெல் விழுந்து செத்துவிட்டார்கள். அப்படிச் சொன்னால் திருப்பி அனுப்ப மாட்டார்கள் என்று ஏஜென்சிக்காரன் சொல்லியிருந்தான். திருப்பி அனுப்பவில்லைத்தான். ஆனால் எழுதியதை அழிக்கவும் முடியவில்லை. அம்மாவையும் ஏழு வயது ஆர்த்திகாவையும் அப்பா ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டபோது அவனைக் கூப்பிட வழி இல்லை. பெல்ஜியம் பாஸ்போட் எடுத்தபிறகும், கனடா எயார்போட்டில் யாரைப் பார்க்க வருகிறாய் என்று கேட்டால் என்ன சொல்வது, பழைய பேப்பரைத் தோண்டினால் இருக்கிறதும் போய்விடுமோ என்று பயந்தே வருடங்கள் போயின. அப்பாதான் சிட்டிசன் எடுத்தபின் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

யாராவது வயது கேட்டால் அப்பா சிரிப்பார். “கனடாவில அறுவத்தாறு. பெல்ஜியத்தில நான் செத்துப் பதினெட்டு வரியம்.”

இந்தமுறை விதுர்சன், கேட்டால் அப்பா என்றுதான் சொல்லப்போகிறேன், நடப்பது நடக்கட்டும் என்று டிக்கெட் போட்டிருந்தான்.

“ஆர்த்தி, நிக்கிறியோ?”

“ஓம்.”

“இனி நாளைக்குத்தான். அதுவும் லைன் சரிவந்தா.” பெட்டியைப் பக்கத்தில் இழுத்து வைக்கும் சத்தம் கேட்டது. “எங்கை இருக்கிறன் தெரியுமோ? அந்த வாங்கு. வாங்கை மாத்திப்போட்டாங்கள், இப்ப இரும்பு. ஆனா இடம் இதுதான். தூண் அதேதான்.”

“ம்.”

“நீ எனக்குப் பொய் சொல்ல மாட்டாய். நாளைக்கு வரைக்கும் இருப்பாரோ?”

மாமா ‘ஓம் எண்டு சொல்லு’ என்று வாயசைத்தார். அவருடைய கண்கள் நிறைந்திருந்தன. மீதித் துணிக் கிழிசலை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு நின்றார். அம்மா குழாயைச் சுற்றுவதை நிறுத்திவிட்டாள்.

“தெரியாது, அண்ணை,” என்றாள் ஆர்த்திகா.

அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“அப்ப காதில வை. நான் கதைக்கோணும்.”

“அவர் நித்திரை…”

“நித்திரையெண்டாலும் கேக்குமாம். என்னோட வேலை செய்யிற அக்னெஸ் சொன்னவ, அவ நேர்ஸ் வேலை பாத்தவ. கடைசியாப் போறது காதாம். ஸ்பீக்கரில போடாத. அப்பாக்கு மட்டும் கதைக்கோணும்.”

அவள் போனைக் கீழே இறக்கி மாமாவைப் பார்த்தாள். மாமா கையை விரித்தார். பிறகு முகத்தைத் திருப்பி யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கீழே யாரோ காரின் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.

அவள் குனிந்து அப்பாவின் காதருகே போனை வைத்தாள். வாய் மூட நாடியைச் சேர்த்துக் கட்டிய துணி காதுமடலைக் கொஞ்சம் மூடியிருந்தது. அதை விரலால் விலக்கினாள். உள்ளே அவனுடைய குரல் சிறிதாகத் தொடங்கி, உடனே நின்றது. தன்னைத்தான் கூப்பிடுகிறான் என்று விளங்கி எடுத்தாள்.

“எந்தக் காதில வைச்சிருக்கிறாய்?”

“இடது.”

“விசரி. இடது கேக்காதெல்லே அவருக்கு. வலதில வை.”

தட்டுக் கழுவும் இயந்திரம் பத்தொன்பது வருடம் இரைந்தது அப்பாவின் இடது பக்கத்தில். அதனால்தான் வீட்டில் எல்லோரும் அவருக்கு வலது பக்கமாகப் போய்க் கதைப்பார்கள். ஆனால் சமூக சுகாதார நிலையத்திலிருந்து கட்டில் வந்த நாளில், அறை சிறியதென்று அதன் வலது பக்கத்தைச் சுவரோடு அணைத்துப் போட்டுவிட்டார்கள். இரண்டு மாதமாக அவளும் அம்மாவும் அவருக்கு மேலால் குனிந்து அந்தக் காதுக்குள் கதைத்தார்கள். இப்போது அவருக்கு மேலால் குனிய அவளால் முடியவில்லை.

அவள் போனைத் தோளுக்கும் கன்னத்துக்கும் இடையில் வைத்துக்கொண்டு, கட்டில் சில்லின் பூட்டைக் காலால் மிதித்தாள். ஒன்று விட்டது. மற்றது இறுகியிருந்தது.

“என்ன செய்யிறாய் பிள்ளை?” என்றார் மாமா மெல்ல. “ஆருக்கு இது?”

அம்மா எழுந்தாள். குழாய் கையில் கிடந்தபடியே மற்றச் சில்லுக்குப் போய், குதிக்காலால் பூட்டைத் தட்டினாள். தலைமாட்டுக் கம்பியை இடுப்பால் தள்ளினாள். கட்டில் அசைந்தது. அப்பாவின் தலை ஒரு பக்கம் சாயப் பார்த்தது. அம்மா மற்றக் கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். சுவருக்கும் கட்டிலுக்கும் இடையில் ஓர் ஆள் நிற்க இடம் வந்தது. அங்கே ஒரு மாத்திரையும், அப்பா தேடிக்கொண்டிருந்த அவருடைய சீப்பும் தூசிக்குள் கிடந்தன.

ஆர்த்திகா உள்ளே நுழைந்து முழங்காலில் இருந்தாள்.

“வலதில வைக்கிறன்,” என்றாள்.

“வை.”

வைத்தாள். அவன் கதைத்தான். என்ன கதைக்கிறான் என்று அவளுக்குக் கேட்கவில்லை. குரல் ஏறுவதும் இறங்குவதும் மட்டும் தெரிந்தது. நடுவில் நிலையத்தின் மணி ஒலித்தது, அந்தப் பெண் இரண்டு மொழியிலும் எதையோ சொல்லி முடித்தாள், அவன் திரும்பவும் தொடங்கினான். ஒருமுறை சிரித்ததுபோலவும் இருந்தது. அவளுடைய விரல்களில் அப்பாவின் காது குளிரத் தொடங்கியிருந்தது.

பிறகு சத்தம் நின்றது. அவன் உரத்துக் கேட்டது எல்லோருக்கும் கேட்டது.

“ஆர்த்தி, மெசின் சத்தம் கேக்கேல்லையே. மெசின் ஓடேல்லையோ?”

இரண்டு மாதமாக அவன் எடுத்த ஒவ்வொரு போனிலும் அந்த இரைச்சல் இருந்தது. அதற்கு மேலால்தான் அப்பாவோடு கதைப்பான்.

ஆர்த்திகா அம்மாவைப் பார்த்தாள். மாமா யன்னலிலிருந்து திரும்பினார்.

அம்மா குனிந்து இயந்திரத்தின் ஆளியை அழுத்தினாள்.

அது மூன்று தரம் கீச்சிட்டது. ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு வழமைபோல இரையத் தொடங்கியது. பக்கத்துப் போத்தலில் தண்ணீர் குமிழியிட்டது.

அந்தப் பக்கம் பெட்டிகளின் சில்லுகள் உருண்டன. யாரோ யாரையோ தூரத்தில் கூப்பிட்டார்கள்.

“ம்,” என்றான் விதுர்சன். “காதில இருந்து எடுக்காத. அப்பிடியே வைச்சிரு.”

அவன் திரும்பவும் கதைக்கத் தொடங்கினான், முன்னையைவிட மெதுவாக.

கீழே வாசல் மணி அடித்தது. சுகாதார நிலையத்து நேர்ஸ் வந்திருக்க வேண்டும். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கதவைத் திறக்கப் போனார். படியில் பனிச்சப்பாத்துகளைத் தட்டும் சத்தம் கேட்டது. “பொன்ஜூர்” என்று ஒரு குரல் வணக்கம் சொன்னது.

அம்மா நாற்காலியில் இருந்தாள். குழாயை எங்கே வைப்பதென்று தெரியாமல் முனையைப் பொத்திப் பிடித்திருந்தாள். அவளுடைய உள்ளங்கைக்குள் காற்று ஊதிக்கொண்டிருந்தது.