ஐம்பது டிகிரி சாய்வு

"ஒதுங்குங்கடா, சவ வண்டி வருது!"

டோனி கத்தியதும் படகுக் கொட்டகையே சிரித்தது. அச்சிலிருந்து அப்போதுதான் பிரித்தெடுத்த காரின் கூரையை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு மூலையைப் பிடித்திருந்த ஜான்சி மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்குக் கை வலித்தது. அந்தக் கூரைக்கு நாலு பேர் தேவைப்பட்டிருக்கவே கூடாது. அவள் போட்ட கணக்குப்படி இரண்டு பேர் பேசிக்கொண்டே தூக்கி வரலாம்.

கடலூர் முதுநகரில், உப்பனாற்றங்கரையில் இருந்தது அந்த ஃபைபர் படகுக் கொட்டகை. ஜான்சியின் அப்பாவும் அத்தை புருஷன் மரியலூர்துவும் கூட்டாக ஆரம்பித்தது. அப்பா இறந்த பிறகும் பாதிப் பங்கு ஜான்சியின் பெயரில்தான் இருந்தது. அதனால் அவளை உள்ளே விடாமல் இருக்க முடியவில்லை. ஆனால் உள்ளே விட்டு வதைக்க முடியும். அந்த வேலையை மரியலூர்துவின் மகன் டோனி எடுத்துக்கொண்டான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அத்தை டோனிக்குத் தட்டோடு பெண் கேட்டு வந்தபோது, "எனக்கு வேணாம்" என்று முகத்துக்கு நேரே சொன்னவள் ஜான்சி. அன்றிலிருந்து அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'இஞ்சினீரு' என்பான். அவளும் அவனை அத்தான் என்று கூப்பிடுவதை நிறுத்தியிருந்தாள்.

சிதம்பரத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் எம்.இ. கடைசி வருடம் படித்தாள் ஜான்சி. தினமும் பஸ். அந்தக் கல்லூரி மைதானத்தில்தான் வருகிற செவ்வாய்க்கிழமை வாகன வடிவமைப்புப் போட்டி. ஜெயிக்கிற ஒரே ஒருவருக்குப் புனேயில் ஒரு கார் வடிவமைப்புக் கூடத்தில் இடம். அந்த இடம் கிடைத்தால் இந்தக் கொட்டகை, இந்தச் சிரிப்பு, இந்த டோனி எல்லாவற்றுக்கும் ஒரு கும்பிடு. கிடைக்காவிட்டால், அத்தை மறுபடியும் தட்டோடு வருவாள். போன வாரமே அம்மாவிடம் பேச்சைத் தொடங்கிவிட்டாள்.

மற்ற மாணவர்கள் பந்தயக் கார் செய்தார்கள், குட்டிக் கார் செய்தார்கள். ஜான்சி எடுத்தது எஸ்டேட் ரகம். பின்னால் டிக்கி தனியாகத் துருத்தி நிற்காமல், கூரை கடைசி வரை ஒரே ஓட்டமாக ஓடும் கார். நம் ஊரில் அந்த உருவத்தைப் பார்த்தால் ஆம்புலன்ஸ் என்பார்கள். இல்லாவிட்டால் சவ வண்டி என்பார்கள். அந்தப் பேச்சை உடைக்கத்தான் அவள் அதை எடுத்தாள். கூரையை நெஞ்சு உயரத்தில் நிற்கும்படி இறக்கினாள். முடிகிற இடத்தில் மூன்று விரல் தாழ்த்தி, பின் கண்ணாடியை முன்னோக்கிச் சாய்த்தாள். பக்கவாட்டுக் கோடு படகின் மூக்கைப்போல எழும்பிப் பின்னால் போனது. நின்ற இடத்திலேயே பாயப்போவதுபோல இருக்கும்.

உள்ளேயும் யோசித்திருந்தாள். பேட்டரிகள் தரைக்கு அடியில் பலகைபோலப் படுத்திருக்கும். பின் சக்கரம் இரண்டுக்கும் தனித்தனி மின் மோட்டார். பின் கதவைத் தூக்கினால் தளமே இழுப்பறை மாதிரி வெளியே வரும். பண்ருட்டிப் பலாப்பழத்தைக் குனியாமல் ஏற்றலாம். கனமெல்லாம் கீழே. தலையில் கனம் ஏறக்கூடாது, அதுதான் அவள் வடிவமைப்பின் உயிர். ஏனென்றால் போட்டியின் முதல் சோதனையே சாய்வு மேடை. காரை ஒரு இரும்பு மேடையில் நிறுத்தி, பக்கவாட்டில் ஐம்பது டிகிரி சாய்ப்பார்கள். மேல் சக்கரம் மேடையை விட்டு எழும்பினால் அங்கேயே அவுட்.

அவள் கார் ஐம்பத்தொன்றில்தான் எழும்பும். ஒரே ஒரு டிகிரி கையிருப்பு.

மீன் இறக்கும் இடத்திலிருந்து கொக்கித் தராசை வாங்கி வந்து கூரையை மாட்டினாள். இருபத்திரண்டு கிலோ இருக்கவேண்டிய கூரை ஐம்பத்து மூன்று காட்டியது. தாளை எடுத்துக் கணக்குப் போட்டாள். நாற்பத்தொன்பது டிகிரி.

நேராக டோனியிடம் போனாள்.

"நீதான செஞ்ச?"

"என்னாத்த?"

"நான் பரீட்சைக்குப் போன நாலு நாள்ல கூரைக்கு ஃபைபர் மேட்ட அடுக்கு மேல அடுக்கா போட்டு ஒட்ட வச்சிருக்க. ரெண்டு அடுக்குதான் போடணும்னு சொவத்துல எழுதி வச்சிட்டுப் போனேன்ல!"

"தோ பாரு இஞ்சினீரு, உன் சவ வண்டிய நான் தொடக்கூட மாட்டேன். தொட்டா தல முழுவணும்."

அவள் கையிலிருந்த தாளை அவன் முகத்தில் விசிறியடித்தாள். அவன் தள்ளினான். அவள் ஃபைபர் ஒட்டும் ரெசின் டின்னில் மோதி விழ, டின் கவிழ்ந்து தரையெல்லாம் ஓடியது. அதற்குள் மேஸ்திரி பக்கிரி குறுக்கே வந்துவிட்டார்.

"ஜான்சிம்மா, அவர ஏன் திட்டுற? கூரைய ஒட்டுனது நானு. நாலு மேட்டு போட்டு ரெசின தாராளமா ஊத்துனதும் நானு."

"ஏன்?"

"படவுல ஆளு ஏறி நிக்கிற எடத்துக்கெல்லாம் நாலுதானம்மா போடுவோம். சொவத்துல ரெண்டுன்னு இருந்துச்சு, பார்த்தேன். படிச்ச புள்ள மறந்து எழுதிட்டுன்னு நெனச்சேன். நாளைக்கி தேரு திருவிழான்னா வண்டி மேல நாலு பேரு ஏறி நிப்பான். கூரை வுட்டுப்போச்சின்னா உனக்குத்தான கெட்ட பேரு?"

முப்பது வருடமாக ஆள் மிதிக்கும் இடத்தைத் தடிமனாக்கியே பழகிய கை. நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டு நின்றார். ஜான்சிக்கு அவரைத் திட்டவும் வாய் வரவில்லை. டோனியிடம் மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை. இரண்டாவதுதான் தவறு. ஏனென்றால் மரியலூர்து வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம் புள்ளையத் திருடன்னு சொல்லிட்டல்ல? உன் பாதி கொட்டாய்ல நீ என்னா வேணாலும் பண்ணிக்க. ஆனா எங்கிட்ட கூலி வாங்குறவன் ஒருத்தனும் இனிமே அந்த வண்டிமேல கை வைக்க மாட்டான். லாரி மட்டும் தரேன், உன் அப்பன் முகத்துக்காவ. டோனி ஓட்டுவான்."

"நானா?" என்றான் டோனி. பிறகு சிரித்தான். "ஓட்டுறேன் ஓட்டுறேன். அது கவுர்றத நான் பார்க்க வேணாமா?"

அது வெள்ளிக்கிழமை.

புதுக் கூரை ஒட்டி, காய்ந்து, அச்சிலிருந்து பிரித்துத் தேய்க்க ஒரு வாரம் வேண்டும். சனிக்கிழமை முழுவதும் ஜான்சி கூரையைச் சுற்றிச் சுற்றி வந்து விரலால் தட்டிப் பார்த்தாள். மாலையில் கடலூரில் கடைகளுக்குப் பெயர்ப் பலகை செய்கிறவரிடம் போய், ஒரு பெரிய அக்ரிலிக் தகட்டை வாங்கிவந்தாள். கண்ணாடி மாதிரி தெளிவு. கனம் ஐந்து கிலோகூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் பூசைக்குப் போயிருந்த நேரத்தில் ஃபைபர் அறுக்கும் கிரைண்டரை எடுத்தாள்.

கூரையின் நடுவைச் செவ்வகமாக அறுத்து எடுத்துவிடுவது, ஓரத்தை மட்டும் சட்டம்போல விடுவது. பக்கிரி போட்ட நாலு மேட்டும் அந்த ஓரத்தில் இருந்தன. அது வளையாது. நடுவில் அக்ரிலிக்.

ஃபைபர் தூசி எழும்பிக் கழுத்திலும் கைமடிப்பிலும் ஏறி நெருப்பாய் அரித்தது. முகத்தில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு அறுத்தாள். பாதியில் நிமிர்ந்தபோது, கவிழ்த்துப் போட்ட படகின்மேல் டோனி உட்கார்ந்திருந்தான். கையில் வறுத்த முந்திரிப் பொட்டலம்.

"பூசைக்குப் போவல?"

"இங்க அதவுட நல்ல காட்சி நடக்குதே. அறு, அறு. நடுவுல ஓட்டை போட்டா பெட்டியில இருக்கிறவனுக்குக் காத்து வரும்."

"ஒரு கை பிடிச்சா செத்தா போயிடுவ?"

"நான் திருடனாச்சே. எதையாவது தூக்கிட்டுப் போயிட்டன்னா?"

கிரைண்டர் வழுக்கி அவள் இடது கட்டைவிரல் ஓரத்தைச் சீவியது. ரத்தம் வெள்ளைக் கூரையில் சொட்டியது. அவன் முந்திரி மெல்லுவதை நிறுத்தினான், எழுந்திருக்கவில்லை. அவள் துப்பட்டாவின் முனையைக் கிழித்துக் கட்டிக்கொண்டு மறுபடி அறுத்தாள். சாயங்காலம்வரை அவனும் போகவில்லை. ஒரு கொட்டைக்கு ஒரு கிண்டல் என்று எல்லாவற்றையும் தின்று தீர்த்தான்.

அறுத்தெடுத்த நடுப்பகுதி முப்பத்து நாலு கிலோ இருந்தது. திங்கட்கிழமை அக்ரிலிக்கைப் பொருத்தித் தராசில் மாட்டியபோது முழுக் கூரையும் இருபத்து நாலுக்குள் வந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை சிதம்பரத்தில் நல்ல வெயில். மொத்தம் பதினோரு வண்டிகள். நடுவர் குழுவின் தலைவர் பழனிவேல், ஏதோ வாகனத் தொழிற்சாலையில் முப்பது வருடம் இருந்தவர். யாரையும் பார்த்துச் சிரிக்காத முகம். ஜான்சியின் காரைச் சாய்வு மேடையில் ஏற்றியபோது, மைதானத்தின் ஓரத்தில் லாரியின் படியில் நின்று டோனி விசில் அடித்தான்.

நாற்பது. நாற்பத்தைந்து. அக்ரிலிக் கூரையில் வெயில் பட்டுக் கண்ணைக் குத்தியது. நாற்பத்தெட்டு. மேல் சக்கரத்துக்கு அடியில் முதலிலேயே வைத்திருந்த தாளை ஒருவர் இழுத்துப் பார்த்தார். தாள் வரவில்லை. நாற்பத்தொன்பது. ஜான்சி கட்டுப்போட்ட விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஐம்பது. தாள் வரவில்லை.

விசில் நின்றுவிட்டது. ஆனால் பழனிவேல் அவளைப் பாராட்டவில்லை. காரைச் சுற்றி வந்து, பின் கதவைத் தூக்கி, தளத்தை இழுத்து, கூரையை விரலால் தட்டினார்.

"வரைபடத்தில் இந்தக் கண்ணாடிக் கூரை இல்லையே?"

"கடைசியில மாத்தினேன் சார். கனம் ஜாஸ்தியாயிடுச்சு."

"வேலை சுத்தமாக இருக்கிறது. அதுதான் எனக்குச் சந்தேகம். இன்று காலையிலிருந்து மூன்று வண்டிகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பாடியைக் கூலி கொடுத்து வெளியே செய்து வாங்கியவை. நீங்கள் படகுக் கொட்டகைக்காரர் வீட்டுப் பெண் என்கிறார்கள். அங்கே இருபது ஆள் இருப்பார்கள். இதை நீங்கள்தான் செய்தீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம்?"

ஜான்சி விரலைக் காட்டினாள்.

"காய்கறி நறுக்கினாலும் விரல் வெட்டும்" என்றார் அவர். "உங்களுக்கு வேண்டியவர்கள் யார் வந்து சொன்னாலும் நான் எடுத்துக்கொள்ள முடியாது."

பேனாவைத் திறந்தார். புனே அந்தப் பேனா முனையில் நின்றது.

"சார்!"

லாரிப் படியிலிருந்து குதித்து டோனி வந்துகொண்டிருந்தான். இங்கே நடந்த பேச்சு அவன் காதில் விழுந்திருக்கவில்லை. சாய்வில் கவிழாத வண்டியை வாயாலாவது கவிழ்த்துவிடும் வேகம் அவன் நடையில் இருந்தது.

"நான் அந்தக் கொட்டாய்க்காரன் மவன் சார். இவுங்க சொல்றத நம்பாதீங்க. கண்ணாடிலாம் டிசைன் இல்ல, ஒட்டுப்போட்ட ஓட்டை! நாலு மாசமா எங்க ஆளுங்க ஒருத்தரையும் கிட்ட சேக்கல சார். நான்தான் பெரிய இஞ்சினீருன்னு அச்சு தேய்ச்சதுலேர்ந்து ஒத்த ஆளா செஞ்சாங்க. கூரைய மட்டும் எங்க மேஸ்திரிகிட்ட குடுத்தாங்க, அது தப்பாப் போச்சு. அதையும் ஞாயித்துக்கெழம ஒத்த ஆளா உக்காந்து அறுத்தாங்க. ரத்தம் சொட்டச் சொட்ட!"

"நீங்கள் பார்த்தீர்களா?"

"காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் எதுரதான் சார் உக்காந்திருந்தேன்."

"உதவி செய்தீர்களா?"

"நானா? செத்தாலும் செய்ய மாட்டேன்!"

பழனிவேல் அவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்களுக்கு இந்தப் பெண் வேண்டியவரா?"

"வேண்டியவளா? இவ மூஞ்சிலயே முழிக்கக்கூடாது சார் நான்."

"நல்லது. இதையெல்லாம் அப்படியே எழுதி ஒரு கையெழுத்துப் போடுங்கள்."

டோனி ரொம்ப உற்சாகமாக எழுதினான். காகிதத்தின் இரண்டு பக்கமும் எழுதினான். பெயருக்குக் கீழே கோடுகூடப் போட்டான். ஜான்சி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். எடுத்தால் சிரித்துவிடுவாள் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

நாலு மணிக்கு முடிவு சொன்னார்கள். ஒலிபெருக்கியில் அவள் பெயர் வந்தது.

டோனி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். முகம் கறுத்திருந்தது. "நான் புகார்தான எழுதிக் குடுத்தேன்?"

"ஆமா. வேண்டாதவன் சொன்ன சாட்சி. அதான் எடுத்துக்கிட்டாரு."

அவனுக்குப் புரிய இரண்டு நொடி ஆனது. புரிந்ததும் லாரிச் சாவியை அவள் முகத்துக்கு நேரே ஆட்டினான். "உன் சவ வண்டிய நான் ஏத்திட்டுப் போவ மாட்டேன். நீயே கடலூர் வரைக்கும் தள்ளிட்டுப் போ!"

"தள்ள வேணாம். அது இங்கேர்ந்தே புனேக்குப் போவுது."

அவன் திரும்பி நடந்தான். லாரிக் கதவை அறைந்து சாத்தி வண்டியைக் கிளப்பினான். படகு ஏற்றும் நீளமான பின் தட்டு காலியாகக் கிடந்து தடதடவென்று ஆடியது. கல்லூரி வாசலில் அவன் வேகம் குறைத்தபோது ஜான்சி ஓடிப்போய்ச் சன்னல் பக்கம் நின்றாள். மூன்று வருடமாகச் சொல்லாத வார்த்தை அவள் வாயில் தயாராக இருந்தது.

"மெதுவா ஓட்டுங்க அத்தான். காலி வண்டி தூக்கிப் போடும்."