நாலாவது கியர்பாக்ஸும் பதிமூன்று சிவப்புப் பொட்டுகளும்

மூன்று கியர்பாக்ஸ் செத்த பிறகு மெக்கானிக் மனிதர்களை நம்புவதை நிறுத்திவிட்டார்.

மூன்றும் ஆட்டோமேட்டிக், மூன்றும் அவர் கையால் கட்டியவை. மூன்றும் உயிரை விட்டது ஒரே காரில், அவர் மனைவியின் அண்ணன் ஓட்டும் பந்தயக் காரில். கால் மைல் நேர்ப்பாதை, பத்து நொடியில் முடிந்துவிடும் பந்தயம். அந்தப் பத்து நொடிக்காக மச்சான் உடுப்பு மாட்டிக்கொள்ள முக்கால் மணி நேரம் ஆகும். காரின் இரண்டு பக்கமும் ‘சூறாவளி’ என்று எழுதியிருக்கும். பட்டம் யார் கொடுத்தது என்று கேட்டால், “ஜனங்க” என்பார். அந்த ஜனங்கள் மச்சான் ஒருவர்தான் என்பது பெயின்ட் அடித்தவருக்கு மட்டும் தெரியும்.

சாவு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி. முதல் இரண்டு ஓட்டம் பிரமாதமாகப் போகும். மூன்றாவதற்குக் கிளம்பும் கோட்டில் வந்து நின்றதும் உள்ளே பல்லை நறநறவென்று கடிக்கும் சத்தம். பிரித்துப் பார்த்தால், சுழலும் தண்டைத் தாங்கும் புஷ்ஷெல்லாம் சூட்டில் நீலம் பாரித்துக் கிடக்கும். எண்ணெயே காணாமல் சுற்றியது போல. எண்ணெயோ கழுத்துமுட்ட இருக்கும். அப்படியென்றால் யாரோ எண்ணெயை வடித்துவிட்டு, ஓட்டம் முடிந்ததும் திரும்ப ஊற்றுகிறார்கள். வேறென்ன?

பந்தயத் திடலில் அவருக்கும் ஒரு பட்டம் கிடைத்திருந்தது. இதை நிஜமாகவே ஜனங்கள்தான் கொடுத்தார்கள். “தள்ளுங்கப்பா, ‘ரெண்டு ஓட்டம்’ வர்றாரு!”

வாடிக்கையாளர் இரண்டு பேர் சத்தமில்லாமல் வேறு பட்டறைக்குப் போய்விட்டார்கள். மச்சானோ பத்துப் பேர் நடுவில் தோளில் கைபோட்டுச் சொன்னார்: “இதுவும் போச்சுன்னா மன்னிச்சுக்கங்க மாப்ள, வெளியில இருந்து பாக்ஸ் இறக்கிடுவேன். சொந்தம் வேற, வேகம் வேற.” சொந்த மச்சானே கைவிட்ட பட்டறைக்குள் பிறகு எவன் கார் நுழையும்?

நாலாவதை மெக்கானிக் கதவைச் சாத்திக்கொண்டு கட்டினார். ஐந்து கிளட்ச் பிளேட் இருந்த இடத்தில் எட்டு. ஷாஃப்ட் புதிது, முன்னதைவிடத் தடிமன். அதை லேத்துக்காரர் கடைந்து முடிக்கும்வரை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

“அண்ணே, நீங்க பாக்குற பார்வைக்கு ஷாஃப்ட்டே கூசுது” என்றார் லேத்துக்காரர்.

ஆயில் கடையில் சீல் வைத்த டின்னைத் திறந்து காட்டச் சொன்னார், முகர்ந்து பார்க்க.

“திறந்துட்டா அப்புறம் அது எப்படிங்க சீல் வெச்ச டின்னு?” என்றார் கடைக்காரர்.

நியாயமான கேள்விதான். அதனாலேயே மெக்கானிக்கின் சந்தேகம் இன்னும் கொஞ்சம் வலுத்தது. இவ்வளவு தயாராகப் பதில் வைத்திருப்பானேன்?

கட்டி முடித்து, ஒவ்வொரு கிளட்ச்சுக்கும் காற்றடித்து, ‘டப்’பென்று பிடிக்கிறதா என்று கேட்டு உறுதி செய்த பிறகு, எண்ணெய் தேங்கும் அடித்தட்டின் பதிமூன்று போல்ட்டுக்கும் தலையோரம் ஒரு பொட்டு வைத்தார். மனைவியின் சிவப்பு நகப்பூச்சு. எவனாவது ஸ்பேனரை வைத்து அசைத்தால் பொட்டு விரிசல் விட்டுக் காட்டிக்கொடுக்கும்.

மனைவி புட்டியைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். “போல்ட்டுக்கெல்லாம் அலங்காரம் பண்ணியாச்சு. எனக்கு ஒரு விரலுக்குக்கூட மிச்சமில்ல.”

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இவளும் மச்சான் வீட்டுப் பெண்தானே? ஒவ்வொரு பந்தயத்திலும் போனை எடுத்துக்கொண்டு எங்கோ மறைந்துவிடுகிறாள். எங்கே போனாய் என்றால், “அண்ணன் ஒரு வேலை சொன்னாரு” என்று போனைத் திருப்பிக்கொண்டு சிரிக்கிறாள். சந்தேகக் கணக்கில் பதினாலாவது போல்ட்டாக மனைவியும் சேர்ந்தாள்.

பந்தய நாள். முதல் ஓட்டம் முடிந்து கார் வந்ததும் அவர் அடியில் படுத்தார். பதிமூன்று பொட்டும் பழுதில்லை. எண்ணெய் அளவுக் கம்பியை உருவி முகர்ந்தார். லேசாக, மிக லேசாக, கருகல்.

யாரும் திறக்கவில்லை, ஆனாலும் கருகுகிறது. இதுவரை மற்றவர்களைப் போல அவரும் கிளம்பும் கோட்டிலேயே நின்று வேடிக்கை பார்த்தவர். கியர்பாக்ஸ் உடைந்தால் அங்கேதான் உடையும் என்பது உலக வழக்கு. இம்முறை, இரண்டாவது ஓட்டத்துக்கு, மறுகோடிக்கு நடந்தார். முடிவுக் கோட்டைத் தாண்டி, அடுக்கிய டயர்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளப் போனால், அங்கே ஏற்கெனவே ஒருத்தி போனும் கையுமாக நின்றாள்.

“நீயா!”

“ஷ்! பேசாதீங்க, பதிவாயிடும்.”

கார் இடியாக வந்தது. கோட்டைத் தாண்டியதும் குரல்வளையைப் பிடித்ததுபோல் சத்தம் சட்டென்று நின்றது. இன்ஜினை அணைத்துவிட்டார் மச்சான். அம்பு வேகத்தில் கார் மௌனமாக மிதந்து வர, ஒலிபெருக்கி மட்டும் தனியாக முழங்கியது: “சூ...றா...வளி!” ஜன்னல் வழியே ஒரு கை வெளியே நீண்டு உலகத்துக்கு ஆசி வழங்கியது.

மெக்கானிக்குப் புரிந்துவிட்டது. கியர்பாக்ஸுக்கு எண்ணெய் ஊட்டும் பம்பைச் சுற்றுவது இன்ஜின். இன்ஜின் நின்றால் பம்ப் நிற்கும், சக்கரம் நிற்காது. அந்த வேகம் அடங்கும்வரை கியர்பாக்ஸ் காய்ந்த தொண்டையோடு சுற்றும்.

“ஸ்டார்ட் பண்ணுங்க மச்சான்! ஸ்டார்ட் பண்ணுங்க!” கையை ஆட்டிக்கொண்டு ஓடினார். யாரோ ரசிகர் என்று நினைத்து மச்சானும் கையை ஆட்டினார்.

கூட்டம் சேர்ந்தது. “இன்ஜின் சத்தத்துல அண்ணன் பேரு அவருக்கே கேக்க மாட்டேங்குதாம்” என்றாள் மனைவி. “அதான் அணைச்சிடுவாரு. நான் படம் பிடிச்சு அனுப்பணும். இதோ, எல்லாப் பந்தயமும் இருக்கு.” போனிலும் கார் ஊமையாக வந்தது. மறுபடி மறுபடி வந்தது.

“இதை ஏன்டி எங்கிட்ட சொல்லல?”

“எங்க போனே, எங்க போனேன்னுதானே கேட்டீங்க? எதுக்குன்னு கேட்டீங்களா?”

மச்சான் தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். “பத்து செகண்ட் அணைச்சா குடியா முழுகிடும்?”

“பந்தயமே பத்து செகண்டுதான் சார்” என்றார் வேடிக்கை பார்க்க வந்த லேத்துக்காரர். சிரிப்பு கிளம்பும் கோடுவரை பரவியது.

மெக்கானிக் எண்ணெயை மாற்றி, ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: கார் நிற்கும்வரை இன்ஜின் ஓட வேண்டும். அவ்வளவு பேர் முன்னால் மச்சானால் மறுக்க முடியவில்லை. மூன்றாவது ஓட்டமும் ஓடியது. கார் உறுமிக்கொண்டே திரும்பி வந்தது. உள்ளே பல் கடிக்கவில்லை. கூட்டம் மெக்கானிக்குக் கைதட்டிப் பதவி உயர்வு கொடுத்தது: “‘மூணு ஓட்டம்’ வாழ்க!” விலகிப் போன வாடிக்கையாளர்களில் ஒருவர் நைசாக வந்து, “திங்கக்கிழமை பட்டறை திறந்திருக்கும்ல?” என்று கேட்டார்.

மச்சான் இறங்கியதும் தங்கையைத்தான் தேடினார். “பேரைச் சொன்னாங்களா?”

“சொன்னாங்கண்ணே.”

“இழுத்துச் சொன்னாங்களா?”

“நல்லா இழுத்து.”

உண்மையில் ஒலிபெருக்கி அந்த நேரத்தில், வாசலை அடைத்து நிறுத்தியிருந்த ஒரு வேனை எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது.

மறுநாள் மனைவியின் மேசையில் புத்தம்புது நகப்பூச்சுப் புட்டி ஒன்று இருந்தது.

“யாரு வாங்கிக் குடுத்தது?” என்று கேட்டார் மெக்கானிக்.

“அண்ணன்தான்.”

அவள் உள்ளே போனதும் அவர் மூடியைத் திருகி, ஒருமுறை முகர்ந்து பார்த்தார்.