கோலுக்குப் பின்னால் நின்றவன்

1

இந்தக் கதையை நானாக எழுதத் தொடங்கவில்லை. எங்கள் கால்பந்துக் கழகத்தின் செயலர் அமராவதி எழுதச் சொன்னார்.

"ஆண்டு மலருக்கு ரெண்டு பக்கம் குடுங்க சார். அந்த கோல பத்தி எழுதுங்க. அந்தோணிசாமி பொய் சொன்னான்னு பச்சையா எழுதுங்க. ஞாயித்துக்கெழம ஓட்டுக்கு முன்னாடி எல்லாரும் படிக்கணும்."

அமராவதிக்குக் கடலூர் செம்மண்டலத்தில் தையல் கடை. எங்கள் ஆட்டக்காரர்கள் போடும் பச்சைச் சட்டைகள் அவர் தைத்தவை. ஞாயிற்றுக்கிழமை ஓட்டு என்பது பழைய கோல்கீப்பர் அந்தோணிசாமியின் மனுவின் மேல்: அவரை உறுப்பினராகச் சேர்ப்பதா, வேண்டாமா.

கிளம்பும்போது, "நீங்கதான் சார் எழுதணும். கோலுக்குப் பின்னாடியே நின்னு பாத்தது நீங்க ஒருத்தர்தான்" என்றார்.

தலையாட்டினேன்.

நான் கோயில் பத்திரிகைகளில் சின்னச் சின்னக் கதைகள் எழுதுகிறவன். என் கதைகளில் கெட்டவர்கள் கடைசிப் பத்தியில் திருந்திவிடுவார்கள். என் மனைவி சிவகாமு கடைசிப் பத்தியை மட்டும் படிப்பாள். "யார் திருந்தினான்னு தெரிஞ்சா போறாதா?" என்பாள். அந்தப் பழக்கத்தில்தான் இதையும் தொடங்கினேன்:

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு மார்ச் மாதம், இறைவன் கருணையால் தெளிந்த வானத்தோடு விடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை

(இல்லை. அன்று புழுதிக்காற்று. வாயைத் திறந்தால் மணல். இறைவனை முதல் வரியிலேயே இழுப்பதை நிறுத்த வேண்டும்.)

2

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பழைய செய்தி.

கடலூரில் முன்பு ஒரு கால்பந்துக் கழகம் இருந்தது. துறைமுகத்துப் பக்கம் ஐஸ் பாக்டரி வைத்திருந்த ஒரு முதலாளி நடத்தியது. நான் கடலூரில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். வீடு சிதம்பரம் கீழ வீதி. வாரத்தில் ஆறு நாள் வேலைக்கு வந்தவன், ஏழாம் நாளும் பேருந்து ஏறி ஆட்டம் பார்க்க வருவேன். தரிசனம் முடித்து, நெற்றியில் விபூதியோடு ஒருவன் பந்தாட்டத்துக்கு ஓடினால் வீதியில் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரித்தார்கள்.

கடல் ஊருக்குள் வந்துபோன ஆறாம் மாதம் முதலாளி பாக்டரியை விற்றார். கழகமும் அதோடு போயிற்று. மைதானத்துக் கதவில் நான்கு வரி அறிவிப்பு ஒட்டியிருந்தது. அன்று ஆட்டம் உண்டென்று தப்பட்டையோடு வந்த அறுபது பேர் அதைச் சுற்றி நின்றோம். யாரோ அழுதார்கள். (யாரோ இல்லை, நான்.)

அமராவதி அதை இரண்டு தடவை படித்தார். "டீமுதான கலைஞ்சிது? நாம கலையலியே" என்றார்.

"அதான? ஒரு நோட்டீசுக்குக் கலையறதுக்கு நாம இன்னா மேகமா?" என்றார் தேவனாம்பட்டினத்து மீனவர் காத்தவராயன். அறிவிப்பைக் கிழித்து, சுருட்டி, அதாலேயே காது குடைந்துகொண்டார்.

ரசிகர்களே அணி சேர்த்து நடத்தும் இந்தக் கழகம் அப்படித்தான் பிறந்தது. முதலாளி கிடையாது. ஆளுக்கு ஓர் ஓட்டு. சட்டையின் நிறம் முதல் எல்லாவற்றுக்கும் கை தூக்கித்தான் முடிவு. இடைவேளையில் எதிரணிக்கும் எலுமிச்சைச் சாறு கொடுப்பதா என்பதற்குக்கூட ஓட்டெடுத்தோம். கொடுப்பது என்று முப்பத்தொரு கை, கூடாதென்று இருபத்தொன்பது. நான் எழுதிய கதை எதிலும் இவ்வளவு நல்ல முடிவு அமைந்ததில்லை.

பழைய ஆட்டக்காரர்கள் சிதறினார்கள். ஒன்பது ஆண்டு எங்கள் கோல்கீப்பராக இருந்த அந்தோணிசாமியைச் சிதம்பரத்து அணி ஒன்று எடுத்துக்கொண்டது. அதை நடத்தியது ஒரு பஸ் கம்பெனி. கோல் காக்க வந்தவருக்குக் கண்டக்டர் வேலை கொடுத்தார்கள். ஆடும்வரை வேலை; ஆட்டத்தில் முதலாளிக்குத் திருப்தி இருக்கும்வரை வேலை.

3

முதல் ஆண்டின் கடைசி ஆட்டம். எங்கள் மைதானம். எதிரே சிதம்பரம், அவர்கள் கோலில் அந்தோணிசாமி.

லீக் விதி இது: முதல் ஆண்டிலேயே கடைசி இடத்துக்குப் போகும் புதுக் கழகத்தை நீக்கிவிடுவார்கள். டிரா செய்தால் தப்பிப்போம்.

இங்கே வலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கோல்களுக்கு வலை கட்டியவர் காத்தவராயன். பழைய மீன்வலையை மடித்துச் சேர்த்து, முறுக்கி இழுத்துக் கட்டினார். "கடக்காத்து சார். தொளதொளன்னு உட்டா கம்பத்துல சுத்திக்கும்" என்றார். தட்டினால் தப்பட்டைபோல் அதிர்ந்தது. எல்லோரும் பெருமையோடு தட்டிப் பார்த்தோம். மற்ற ஊர்களில் கோல் வலை ஏன் தளர்ந்து தொங்குகிறது என்று எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. வந்த பந்தை உள்ளேயே வைத்துக்கொள்ளத்தான் அது தொங்குகிறது.

ஆட்டம் முடிய நான்கு நிமிடம். ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். எங்கள் நடேஷ் இடது காலால் அடித்தான். பந்து அந்தோணிசாமியைத் தாண்டிப் போனது, போன வேகத்தில் திரும்பி வந்தது. நடுவர் தூரத்தில் இருந்தார். கோலா, கம்பமா என்று அவருக்குத் தெரியவில்லை. எங்கள் ஆட்கள் கத்தினார்கள். நடுவர் நேராக அந்தோணிசாமியிடம் நடந்தார். பஸ் முதலாளி ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"உள்ள போச்சா தம்பி?"

இந்த இடத்தில் என் பேனா தானாக இப்படி எழுதியது:

அந்தோணிசாமி முழங்காலிட்டு, கண்ணீர் மல்க, "கோல்தான் ஐயா! பிழைப்பு போனாலும்

எழுதிய தாளை அமராவதி பார்த்துவிட்டு ஓரத்தில் பென்சிலால் கேட்டார்: "இப்பிடி நடந்திருந்தா நாம ஏன் சார் ஒரு வருஷம் லீக் இல்லாம அலைஞ்சோம்?"

சரி என்று அவர் விரும்பியபடி எழுதினேன்:

அந்தோணிசாமியின் உதட்டோரத்தில் ஒரு வஞ்சகச் சிரிப்பு

இதையும் அடித்துவிட்டேன். அந்த உதட்டை ஒன்பது ஆண்டு பார்த்திருக்கிறேன். அதில் அப்படியொரு சிரிப்பு கிடையாது. அன்று அதில் மணல்தான் ஒட்டியிருந்தது.

அவர் சொன்னது இவ்வளவே: "கம்பத்துல பட்டுச்சு சார்."

தோற்றோம். எங்களை நீக்கினார்கள். ஆனால் அடுத்த ஞாயிறும் மைதானத்துக்கு வந்தோம். "லீக்கிலிருந்து நீக்கப்பட்ட கழகம்" என்று நாங்களே பேனர் எழுதி, அதைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஆடினோம். மேல்பட்டாம்பாக்கத்தில் எதிரணிக்கு ஆள் குறைந்தது. எங்கள் ஆட்கள் மூவரைக் கொடுத்து, அந்த மூவரிடமே தோற்றோம். ஓராண்டு கழித்து லீக்கே எங்களைத் திரும்ப அழைத்தது. எங்கள் ஆட்டத்தைவிட எங்கள் பேனர் அவர்களை அதிகம் தொந்தரவு செய்திருக்க வேண்டும்.

4

(இந்தப் பகுதியை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இது நான்காவது.)

நான் பார்க்கவில்லை.

கோலுக்கு நேர் பின்னால்தான் நின்றேன். ஆனால் அதற்கு முன் பத்து நிமிடமாகவே கை கூப்பி, கண்ணை மூடி, நடராஜரிடம் ஒரே ஒரு கோல் கேட்டுக்கொண்டிருந்தேன். கூச்சல் கேட்டுக் கண் திறந்தபோது பந்து புல்லில் உருண்டுகொண்டிருந்தது. அமராவதி ஓடி வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார். "பாத்தீங்கல்ல சார்? உள்ள போச்சுல்ல?"

தலையாட்டினேன்.

மறுவாரம் அந்தத் தலையாட்டலைக் கையெழுத்தாக்கினேன். லீக் குழுவுக்குப் போன முறையீட்டில் என் சாட்சியமும் இருந்தது: "கோலுக்குப் பின்னால் நின்று, பந்து உள்ளே சென்றதை என் கண்ணால் கண்டேன். சி. ஹேமசபேசன்." விசாரணையில் அதை உரக்கப் படித்தார்கள். எதிரே உட்கார்ந்திருந்த அந்தோணிசாமி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். குழுவினர் அவரைக் கேட்டபோது பழைய பதிலையே சொன்னார். முறையீடு தள்ளுபடியாயிற்று.

"கண்ணை மூடிண்டு இருந்தேன்னு சொல்லிடுங்கோளேன். சுவாமியா கோச்சுக்கப் போறார்?" என்றாள் சிவகாமு.

"அறுபது பேர் கோச்சுப்பா" என்றேன்.

அன்றிலிருந்து நான் எங்கள் கழகத்தின் கண்கண்ட சாட்சி. எங்கே போனாலும் நாற்காலி போட்டார்கள்.

5

அந்தோணிசாமி கண்டக்டராகப் போனது சிதம்பரம்–கடலூர் வண்டியில். ஆறு ஆண்டு அந்த வண்டியில் ஏறாமல் தப்பித்தேன். 'தானே' புயல் அடித்த மறுவாரம் பேருந்துகள் குறைவு. வந்த வண்டியில் ஏறினேன். அவர் வண்டி.

"வாங்க சார். நீங்க நம்ம வண்டில ஏறணும்னா புயலே வர வேண்டியிருக்கு."

"நேரம் ஒத்துவரலப்பா."

"டெய்லி பஸ் ஸ்டாண்டுல தூணுக்குப் பின்னாடி நிக்கறீங்க. நான் பாக்கலன்னு நெனச்சீங்களா?"

டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். புதுச்சத்திரம் தாண்டிக் கூட்டம் குறைந்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"முட்டி போச்சு சார். ஆட்டத்த உட்டுட்டேன். வேலைய மட்டும் மொதலாளி உட்டு வெச்சிருக்காரு. நம்ம கழகத்துல சேரலாம்னு இருக்கேன்."

'நம்ம' என்றார். பையிலிருந்து எடுத்த மனுவில், எப்போதிலிருந்து ரசிகர் என்ற இடத்தில் தொண்ணூற்றேழு என்று போட்டிருந்தார். சிதம்பரத்துக்கு ஆடிய ஆண்டுகளைக்கூட இடையில் விடவில்லை.

"இத அமராவதிகிட்டன்னா தரணும்."

"அந்தக்கா ரெண்டா கிழிச்சிடும். அதான் உங்களாண்ட குடுக்கறேன்."

வாங்கிக்கொண்டேன். பிறகு, கேட்டிருக்கக் கூடாததைக் கேட்டேன். "அன்னிக்கு அது கோல்தானே அந்தோணி?"

அவர் சிரித்தார். "என்னையே கேக்கறீங்களே சார். கண்ணால கண்டேன்னு எழுதிக் குடுத்தவரு நீங்கதான?"

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"பந்து தாண்டிப் போனதும் திரும்பினேன். வலைக்கு அந்தாண்ட நீங்க. கை கூப்பிக்கினு, கண்ண இறுக்க மூடிக்கினு. யாராண்டயும் சொல்லல சார். சாமி கும்புடறவர எப்படிக் காட்டிக் குடுக்கறது?"

அடுத்த நிறுத்தத்தில் விசில் ஊதிக்கொண்டே எழுந்து போய்விட்டார்.

விசாரணையில் அவர் அதைச் சொல்லியிருந்தால் அவர் பக்கம் அன்றே பலத்திருக்கும். பஸ் முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்திருப்பார். நான் கடலூருக்குள் தலைகாட்டியிருக்க முடியாது.

6

அன்று கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு நான் பார்த்தது ஒன்று உண்டு. அதையும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஆட்டம் முடிந்து சிதம்பரத்து அணி ஒருவரையொருவர் தூக்கிச் சுற்றிக்கொண்டிருந்தது. எங்கள் ஆட்கள் நடுவரைச் சூழ்ந்திருந்தார்கள். அந்தோணிசாமி தனியாகக் கோலுக்குத் திரும்பி வந்தார். வலையின் கீழ் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, அரை முழம் தளர்த்தி, மறுபடி கட்டினார். பிறகு மைதானத்தின் அந்தக் கோடிக்கு நடந்துபோய் இன்னொரு கோலிலும் அதையே செய்தார். கையை டிரவுசரில் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார்.

மறுநாள் காத்தவராயன், "எவன்டா அவுத்தது?" என்று கத்தினார். திரும்ப இறுக்கப் போனவர், ஒரு பந்தை எடுத்து வலைக்குள் அடித்துப் பார்த்தார். அது உள்ளேயே விழுந்து கிடந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, வலையை அப்படியே விட்டார். அதற்குப் பிறகு நாம் போட்ட எந்த கோலும் வெளியே ஓடி வரவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். இதைச் சொன்னால் அவர் நமக்குச் செய்த நன்மை வெளியே வரும்; அதன் கையைப் பிடித்துக்கொண்டு அவர் பொய்யும் வெளியே வரும். பந்து கம்பத்தில் பட்டது என்று நம்புகிறவர் வலையை ஏன் தளர்த்த வேண்டும்? என் கதைகளில் நன்மை இப்படி வராது. தனியாக, குளித்துவிட்டு, சுத்தமாக வரும்.

7

நேற்று ஆறு பகுதிகளையும் அமராவதியிடம் கொடுத்தேன். தையல் எந்திரத்தை நிறுத்திவிட்டுப் படித்தார். நான்காம் பகுதியில் நெடுநேரம் நின்றார்.

"ஆறு வருஷமா உங்க பேர சொல்லித்தான் சார் அவன திட்டினேன்."

"தெரியும்மா."

"இத நான் அச்சுல போட மாட்டேன்."

"போடலேன்னா மேடையில ஏறிப் படிப்பேன்."

இவ்வளவு காலத்தில் அவரை நான் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அவனுக்கு ஏத்தாப்பல முடிவு எழுதியாந்திருக்கீங்களா?"

"முடிவே எழுதல. தீர்மானம்தான் எழுதியிருக்கேன்." படித்துக் காட்டினேன்:

'அந்தோணிசாமியைச் சேர்ப்பதும் ஹேமசபேசனை வைத்துக்கொள்வதும் ஒரே தீர்மானம். பிரித்து ஓட்டுப் போட இயலாது. அவர் பார்த்ததை இல்லையென்றார். நான் பார்க்காததைப் பார்த்தேன் என்றேன். அவர் பொய் அவருடைய வேலையைக் காப்பாற்றியது. என் பொய் எனக்கு நாற்காலி வாங்கிக் கொடுத்தது.'

"ரெண்டு பேரையும் வெளிய அனுப்புன்னு ஓட்டு உழுந்தா இன்னா பண்ணுவீங்க?"

"வெளியே நின்னு கத்துவேன். கோட்டுக்கு வெளியே நிக்கறதுக்கு யார் ஓட்டும்மா வேணும்?"

அவருக்குச் சிரிப்பு வந்தது, வந்ததை அடக்கிக்கொண்டார். ஒரு பச்சைச் சட்டையை எடுத்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"மலரு வியாழக்கெழம அச்சுக்குப் போவுது. எழுத்துப் பிழை இருந்தா பாத்துக் குடுங்க. ஆனா என் கை தூக்காது சார். இப்பவே சொல்லிட்டேன்."

"தூக்க வேண்டாம்மா."

"உங்க கை?"

"ரெண்டு கையும் தூக்குவேன்."

"ஆளுக்கு ஒண்ணுதான் சார்" என்று எந்திரத்தை மிதிக்கத் தொடங்கினார்.

ஆக, உறுப்பினர்களே, என் கணக்கில் இதுவரை ஆளுக்கொன்றாய் இரண்டு பக்கமும் சமம். மீதி நூற்று முப்பத்தெட்டு கைகள் உங்களுடையவை. உங்களை இளக வைக்கும் கடைசிப் பத்தி ஒன்று எழுதிப் பார்த்தேன், நன்றாகவே வந்தது, அடித்துவிட்டேன். ஞாயிறு காலை பத்து மணி, மைதானத்தில். முடிவுக்கு இடம் விட்டிருக்கிறேன். உங்கள் பிரதியில் நீங்களே பேனாவால் நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஆதரவாக: ............

எதிராக: ............